சுழலாத வட்டு

சத்துவாச்சாரியில் டயர் கடைக்கு மேல் இரண்டாம் மாடி.
பெயர்ப்பலகை கிடையாது.
உள்ளே ஆறு சர்வர், இரண்டு ஏசி,
இரவில் நான்.

அக்கினி நட்சத்திரம்.
பகலெல்லாம் வாங்கிய வெயிலை
சுவர்கள் நள்ளிரவில்
வட்டியோடு திருப்பித் தருகின்றன.

பழைய ஹார்டு டிஸ்குகளை எனக்குக் காதால் தெரியும்.
மூன்றாவது, பல்லைக் கடித்துக்கொண்டு தூங்கும்.
ஐந்தாவது, சாவதற்கு மூன்று நாள் முன்பே
டிக் டிக்கென்று சொல்லிவிட்டது;
மாற்று வந்து சேரும்வரை
மரியாதையாகக் காத்திருந்தது.

முனிரத்தினம் சார் ரிச்சி தெருவிலிருந்து
எஸ்எஸ்டி வாங்கி வந்தார்.
சட்டைப்பைக்குள் அடங்கும் கனம்.
"சுத்தாது, சூடாகாது, சத்தமே போடாது தௌலத்" என்றார்,
பெண் வீட்டில் மாப்பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல.

சூடாகாது என்பது பொய்.
மற்ற இரண்டும் உண்மை.

ஜோடியாகப் போடலாம் சார், ஒன்று போனால் ஒன்று, என்றேன்.
அடுத்த மாசம் என்றார்.

வேகம் வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன்.
ஆம்பூர் ஷூ கம்பெனியின் பக்கம்
முன்பு கொட்டாவி விட்டு எழுந்திருக்கும்;
இப்போது கூப்பிடுமுன் வந்து நிற்கிறது.
தோட்டப்பாளையம் லாட்ஜின் முன்பதிவும் அப்படித்தான்.
மால்டாவில், சில்சாரில்
ரயில் டிக்கெட் எடுத்த கையோடு யாரோ தேடுகிறார்கள்:
ஆஸ்பத்திரிக்கு நடக்கிற தூரம்,
சமைக்க அடுப்பு,
நானூறு ரூபாய்க்குள்.
அவர்கள் போனில் சிக்னல் ஒரே கோடு.
நாம் மிச்சம் பிடித்துத் தருவது இரண்டு வினாடி.
பெரிய தர்மம் இல்லை.
ஆனாலும் இரண்டு வினாடி.

கையேட்டில் ஒன்று படித்தேன்.
எத்தனை முறை வாசித்தாலும் இது தேயாதாம்.
எழுதினால் தேயும்,
அதிலும் அழித்துவிட்டு எழுதினால்.
உள்ளே கோடிக்கணக்கில் சிற்றறைகள்,
ஒவ்வொன்றுக்கும் இத்தனை தடவை என்று ஆயுள்.

லாட்ஜ்காரர்களோ
அழித்து எழுதியே பிழைப்பவர்கள்.
காலி. ஆள் உண்டு. காலி. ஆள் உண்டு.

மே பதினெட்டு, விடியற்காலை நாலு பத்து.
திரையில் வரவேண்டிய ஒரு வரி வரவில்லை,
அவ்வளவுதான்.
காதை வைத்துக் கேட்டேன்.
ஏசி இரைச்சல். நெடுஞ்சாலையில் லாரி.
உயிரோடு இருந்தபோதும் இதே மௌனம்தானே,
எதைக் கேட்க?

நாலாவது சர்வருக்கென்று வைத்திருந்த புது வட்டைச் சொருகி
இரண்டு மணிக்கு எடுத்த காப்புப் பிரதியை ஏற்றினேன்.
அதற்குப் பின் நடந்ததெல்லாம் பதிவுக் கோப்பில்.
அந்தக் கோப்பு,
தூக்கிப்போட சாருக்கு மனம் வராத
பழைய மூன்றாம் வட்டில்.
பல்லைக் கடித்துக்கொண்டே அது
ஒவ்வொரு வரியாகத் துப்பியது.

முப்பத்தொரு மாற்றங்கள்.
ஷூ ஒரு ஜோடி, விலை குறைப்பு.
அறை ஒன்பது, காலி.
முப்பது தானாக ஏறிவிட்டன.
ஒன்று மட்டும் வால் அறுந்து கிடந்தது,
கையால்தான் அடிக்க வேண்டும்:

அறை பதினான்கு.
ஆட்கள்: இரண்டு என்பது ஒன்று.
நேரம் மூன்று ஐம்பத்திரண்டு.
காலி செய்யும் நாள்: இன்று.

குமாஸ்தா தன் தவறைத் திருத்தியிருக்கலாம்.
ஒருவர் முன்னதாகவே ஊருக்குக் கிளம்பியிருக்கலாம்,
காட்பாடியில் அந்நேரத்துக்கும் ரயில் நிற்கும்.

நான் மீட்டெடுத்த பிரதியில்
மணி இன்னும் இரண்டு.
பதினான்கில் இன்னும் இரண்டு பேர்.
ஒருவர் தண்ணீர் கேட்கிறார்,
ஒருவர் எழுந்து விளக்கைப் போடுகிறார்.

கர்சர் அந்த எண்ணின் மேல்
நின்று நின்று மின்னியது.
யாரும் அவசரப்படுத்தவில்லை.
ஏசியில் சொட்டிய நீர் வாளியில் விழுந்துகொண்டிருந்தது.

அழித்தேன்.
ஒன்று என்று அடித்தேன்.
புது வட்டில் எங்கோ ஒரு சிற்றறை
முதல் தடவை தேய்ந்தது.

ஐந்து இருபதுக்கு எல்லாப் பக்கங்களும் எழுந்துகொண்டன.
சார் போனில் கேட்டார்: "எதாவது போச்சா?"

எண்ணிப் பார்த்தேன்.
"கணக்குப்படி எதுவும் போகலை சார்."

"சரி. இனிமே
ஜோடியாவே போட்டுடலாம்."